இஞ்சி மொரப்பாவும் வெறும் வயிறும்

போன வாரம் ரம்யா போனில் ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு நேற்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

எனக்குப் பித்தப்பையில் கல். எடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். காலமெல்லாம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம், மலையாள எல்லைக்குள் இருக்கும் ஆஸ்பத்திரி அது, பெயர் வேண்டாம். அங்கே ஆபரேஷன் முடிந்தவர்களை மயக்கம் தெளியும்வரை கிடத்தி வைக்கும் ரிகவரி ரூமில்தான் என் பாதி ஆயுள் போனது. இப்போது அந்த அறை ரம்யாவின் பொறுப்பில் இருக்கிறது. நான் ஓய்வு பெற்றபோது புதிதாக வந்து சேர்ந்த பெண், கெட்டிக்காரி.

"சிஸ்டரம்மா, உங்களுக்கும் இஞ்சி கேப்சூல் எழுதச் சொல்லட்டுங்களா? இல்ல, நீங்கதான் அதெல்லாம் நம்ப மாட்டீங்களே?" என்று கேட்டாள். பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள்.

"ரோசன பண்ணிச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு வாந்தி வராமல் இருக்க இஞ்சி. இந்தச் சமாச்சாரத்தில் நான் ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடியவள் இல்லை.

நான் எதையும் சுலபத்தில் நம்பமாட்டேன் என்பது அந்த ஆஸ்பத்திரியில் பிரசித்தம். பிறவிக் குணமா என்றால் இல்லை. பள்ளிக்கூடம் தமிழில், நர்சிங் படிப்பு இங்கிலீஷில், வேலை பழகியது மலையாளத்தில். அந்த மூன்று பாஷையிலும் முதலில் கற்றுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: "ஏதாவது சாப்பிட்டீர்களா?" ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிற எல்லோரிடமும் கேட்க வேண்டும். எல்லோரும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். அதில் யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

மயக்கம் கொடுத்தவுடன் தொண்டையின் காவல் போய்விடும். வயிற்றில் கிடப்பது மேலே வந்தால் நேராக நுரையீரலுக்குள் இறங்கும். நல்லபடியாக நடந்துவந்த மனுஷனைக் காப்பாற்ற முடியாமல் போய்விடும். இதை எத்தனை முறை விளக்கினாலும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இலைபோட்டுச் சாப்பிட்டால்தான் சாப்பாடு. பெருமாட்டியிலிருந்து குடலிறக்கத்துக்கு ஒரு தென்னந்தோப்புக்காரர் வந்தார். "பச்சத்தண்ணி பல்லுல படலீங்க சிஸ்டரு" என்றார். நெற்றியில் திருநீறு, முகத்தில் அப்படி ஒரு சாந்தம். பக்கத்தில் போய் நின்றேன், கள்ளு வாசனை குப்பென்று அடித்தது.

"ஏனுங்க, இது என்னங்க?" என்றேன்.

"காலையில எறக்குனது, ஒரே ஒரு சொம்புங்க. அது சாப்பாடு இல்லீங்களே?" என்றார். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி என்று மருந்துக்குக்கூட இல்லை.

அன்றையிலிருந்து நான் கேள்வி கேட்பதோடு நிற்பதில்லை. "வாயைத் தொறந்து ஊதுங்க" என்பேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் போலீஸ்காரர் ஊதச் சொல்வாரே, அதே மாதிரி. மிக்சர் தின்றவர், இட்லி தின்றவர், காப்பி குடித்தவர், எல்லோரும் என் மூக்கில் மாட்டினார்கள். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'ஊது சிஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

இப்படி நான் ஒரு மாதிரி ராஜ்ஜியம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் டாக்டர் வத்ஸலா இஞ்சியைக் கொண்டுவந்தார்.

டாக்டர் வத்ஸலா எங்களுடைய மயக்க மருந்து டாக்டர். கல்பாத்தி அக்கிரகாரத்தில் பிறந்து வளர்ந்தவர். பேச்சு அந்தத் தெருவின் பேச்சு. அவர் ஒரு நோயாளியைப் பார்க்கும் விதத்தை நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மற்ற டாக்டர்கள் கட்டில் தலைமாட்டில் நின்றுகொண்டு, கையில் இருக்கும் பேப்பரைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். இவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நோயாளியின் முகத்துக்குக் கீழே தன் முகம் வருகிற மாதிரி உட்காருவார். நாடி பார்க்கும் முன் இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். தியேட்டர் ஏசியில் அவர் கை எப்போதும் சில்லென்று இருக்கும். பிறகு ஊர்க்கதை பேசுவார். எனக்கு ஆரம்பத்தில் அது எரிச்சலாக இருந்தது. வெளியே ஆபரேஷன் செய்யும் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு நிற்கிறார், இவர் உள்ளே மாட்டுக்கு என்ன தீவனம் போடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் டியூட்டி அறையில் கேப்சூல் டப்பாவை மேசையில் வைத்தார். "மரகதம், இது இஞ்சிப் பொடி. வாந்தி வர சாத்தியம் அதிகமா இருக்கறவாளுக்கு, ஆபரேஷனுக்கு ஒரு மணி நேரம் முந்தி, ஒரு வாய் ஜலத்தோட. வாந்திக்கான ஊசியை நிறுத்தப்படாது. அதோட கூட இது" என்றார்.

நான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "எதுக்குங்க டாக்டர் இது? இது எங்க ஊட்டு அடுப்படியில கெடக்குதுங்களே."

"கெடக்கட்டுமே. சில ஆராய்ச்சில கொஞ்சம் கேக்கறதுங்கறா. சிலதுல பெரிசா ஒண்ணும் இல்லேங்கறா. கெடுதல் கம்மி. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவாளுக்கு மட்டும் தரப்படாது, அதைக் கேட்டுட்டுக் குடு."

கேக்கிறது என்கிறார்கள், இல்லை என்கிறார்கள். இதென்ன மருந்து? எனக்குச் சந்தேகம் வந்தது. மருந்துக் கம்பெனிக்காரன் எவனாவது இவரைப் பிடித்துவிட்டானா என்று இரண்டு வாரம் கவனித்தேன். அப்படி யாரும் வரவில்லை. அதனால் சந்தேகம் போய்விடவில்லை, வேறு இடத்துக்கு மாறியது. ஏனென்றால் அந்த இஞ்சி என் பிழைப்பையே கெடுத்தது. கேப்சூல் விழுங்கியவர்கள் ஏப்பம் விட்டால் இஞ்சி வாசனை. ஊதச் சொன்னால் இஞ்சி வாசனை. முன்பெல்லாம் வாயில் இஞ்சி வாசனை அடித்தால் வீட்டில் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று கையோடு பிடித்துவிடுவேன். இப்போது குற்றவாளிக்கும் நிரபராதிக்கும் ஒரே வாசனை.

இதை டாக்டரிடம் சொன்னேன். சிரித்தார். "உனக்கு யாரையுமே நம்ப முடியாதோ?"

"என்ற வேலை நம்பறது இல்லீங்க டாக்டர்."

"செரி. சந்தேகம் மனசுல இருக்கட்டும். மூஞ்சில இருக்கப்படாது. மூஞ்சில கண்டா அவா பொய் சொல்ல ஆரம்பிச்சுடுவா."

எனக்கு அது பிடிக்கவில்லை. என் மூஞ்சி எனக்குக் கடவுள் கொடுத்தது, அதை நான் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் ஊரெல்லாம் பரவிவிட்டது. பொள்ளாச்சி பஸ்ஸில் வருகிறவர்கள்கூட, "அங்க இஞ்சி குடுத்துத்தான் ஆபரேசன் பண்றாங்களாமா, வாயில எடுக்கவே எடுக்காதாமா" என்று பேச ஆரம்பித்தார்கள். ஊசி போடுவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஊசி எல்லா ஆஸ்பத்திரியிலும் போடுகிறார்கள், அதில் என்ன கதை இருக்கிறது? மானேஜர் சும்மா இருப்பாரா, வாசலில் ஒரு பலகையே வைத்தார். டாக்டர் வத்ஸலா அடுத்த நாள் காலை கார் விட்டு இறங்கியதும் அதைப் பார்த்துவிட்டு, காவலாளியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். பலகை போனது. பேச்சு போகவில்லை.

அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் தெய்வானை வந்தாள்.

தெய்வானைக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். பெருமாட்டிப் பக்கம் தோட்டம், மாடு, இரண்டு பெண் பிள்ளைகள். கழுத்தில் முன்கழலை, தைராய்டு வீக்கம். சின்ன நெல்லிக்காயாக ஆரம்பித்தது, மூச்சுக்குழாயை ஒரு பக்கமாகத் தள்ளும் அளவுக்கு வளர்ந்திருந்தது. மல்லாந்து படுத்தால் மூச்சு இழுக்கும். தூங்குவதே உட்கார்ந்துகொண்டுதான். எப்போதோ எடுத்திருக்க வேண்டியது. அவள் எடுக்கவிடவில்லை. காரணம் வலி இல்லை, சாவு இல்லை, வாந்தி.

முன்பு ஒரு முறை வேறு ஊரில் கர்ப்பப்பை எடுத்தார்களாம். மயக்கம் தெளிந்ததிலிருந்து குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தாளாம். வயிற்றுத் தையல் ஒவ்வொரு குமட்டலுக்கும் பிய்ந்தது போல இருந்ததாம். "அத நெனச்சா இப்பவும் சோறு எறங்கறதில்லீங்க. செத்தாலும் பரவால்லீங்க, அது மட்டும் மறுக்கா வேண்டாம்" என்றாள். டாக்டர் வத்ஸலா முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு உண்மையைச் சொன்னார். "வாந்தி வரவே வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். வராம இருக்க என்னென்ன உண்டோ அத்தனையும் பண்ணுவேன்."

தெய்வானை கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "இஞ்சி உண்டுங்களே?"

"உண்டு" என்றார்.

"அப்பச் செரிங்க" என்று கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் நான் டாக்டரிடம் கேட்டேன். "தைராய்டுக்குப் பொறவு வாந்தி வந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதாங்க?" தெரியாமல் இருக்குமா? கழுத்து ஆபரேஷனில் வாந்தி என்பது வெறும் அசிங்கம் இல்லை. முக்கி முக்கி எடுக்கும்போது கழுத்து நரம்பெல்லாம் புடைக்கும். உள்ளே கட்டிய ஏதாவது ஒரு ரத்தக்குழாய் அவிழ்ந்துவிட்டால், உள்ளேயே ரத்தம் கட்டி, மூச்சுக்குழாயை அமுக்கிவிடும். ஏற்கனவே ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் குழாய். அவளுக்கு வாந்திமேல் இருந்த பயத்தைவிட எனக்கு இருந்த பயம் அதிகம்.

"தெரியும் மரகதம். அதனாலதான் உன்னை ரிகவரியில போட்டிருக்கேன்" என்றார். பாராட்டா, வேலை ஏவுவதா என்று எனக்குப் புரியவில்லை. சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் அன்று துணைக்குத் தெய்வானையின் தங்கை சரசு இருந்தாள். மூணாறு பக்கம் டீ எஸ்டேட்டில் வாழ்க்கைப்பட்டவள். மறையூர் வழியாக உடுமலைக்கு இறங்கி, அங்கிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து இங்கே என்று பஸ் மாறி மாறி வந்திருந்தாள். கையில் ஒரு பிளாஸ்க். அந்தப் பிளாஸ்க்கைப் பார்த்ததுமே எனக்கு உள்ளே மணியடித்தது. நான் வார்டுக்குள் நுழைந்தபோது அவள் அதை அவசரமாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். போதாதா?

தெய்வானையிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"ஒண்ணுமே சாப்புடலீங்க. தண்ணிகூடக் குடிக்கலீங்க."

"ஊது அம்மிணி."

ஊதினாள். இஞ்சி! அதுவும் லேசாக இல்லை, மூக்கைத் துளைக்கும் நெடி. கேப்சூல் கொடுத்தாகிவிட்டதா என்று வார்டு நர்சிடம் கேட்டேன். இன்னும் கொடுக்கவில்லை, காலை நெரிசலில் தள்ளிப்போய்விட்டது என்றாள். குனிந்து கட்டிலடியிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துத் திறந்தேன். சுக்குக்காப்பி, பாதி காலி.

"யாரு குடிச்சது?"

"நான்தான்க்கா" என்றாள் சரசு. "பஸ்ல வந்தது தல கிறுகிறுன்னு இருக்கு. அக்காவுக்குக் குடுக்கல, சத்தியமா குடுக்கல."

"உங்கக்கா வாயில எப்படி வாசனை வந்துச்சு?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் குடுக்கலக்கா!" அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எங்கள் கொங்குப் பேச்சு அவளை விட்டுப் போயிருந்தது, எஸ்டேட் பேச்சு. அதில்கூட எனக்கு ஒரு சந்தேகம். அழுகை எல்லாம் நான் பார்க்காததா?

தியேட்டருக்கு ஆள் அனுப்பினேன். ஆபரேஷன் செய்யும் டாக்டர் கையைக் கழுவத் தயாராகிவிட்டார், ஏன் தாமதம் என்று அங்கிருந்து கேள்வி வந்தது. தெய்வானை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து புடவையைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். "என்ற தங்கச்சியத் திருடி மாதிரி பேசறீங்க. இந்த ஆபரேசனே வேண்டாமுங்க. நான் ஊட்டுக்குப் போறேன். சரசு, பையை எடு."

அவள் அன்றைக்குப் போயிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். அவள் மூச்சு இழுக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. அப்படியே போனால் எத்தனை நாள் தாங்குவாள்? சாப்பிட்டுவிட்டுப் போனாலும் ஆபத்து, சாப்பிடாமலே திரும்பிப் போனாலும் ஆபத்து. நான் பிளாஸ்க்கைக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலை மறித்து நின்றேன்.

டாக்டர் வத்ஸலா வந்தார். என்னைப் பார்த்தார், பிளாஸ்க்கைப் பார்த்தார். முக்காலியை இழுத்துப் போட்டார். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு தெய்வானையின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஆத்துல மாட்டை யார் கறக்கறா, நீங்க இங்க இருக்கச்சே?"

தெய்வானைக்கு அந்தக் கேள்வி எதிர்பாராதது. "பெரிய புள்ள கறக்குதுங்க" என்றாள்.

"நன்னாக் கறப்பாளோ?"

"செவலை மட்டும் அவளுக்கு விடாதுங்க, ஒதைக்கும்."

இப்படியே நாலைந்து வார்த்தை போனது. வெளியிலிருந்து மறுபடியும் ஆள் வந்து எட்டிப் பார்த்தார். டாக்டர் திரும்பவே இல்லை. பிறகுதான் மெதுவாக, "இன்னிக்குக் காத்தால ஏந்துண்டதுலேர்ந்து என்னென்ன பண்ணினேள்? ஒண்ணொண்ணாச் சொல்லுங்கோ, எனக்குக் கேக்கணும்" என்றார்.

"எந்திரிச்சனுங்க. பல்லு வெளக்குனனுங்க. தல சீவிக்கிட்டனுங்க. சாமியக் கும்பிட்டுட்டு, மொரப்பாவப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தனுங்க."

"மொரப்பாவா?"

"இஞ்சி மொரப்பாதானுங்க. பஸ்ஸுக்குப் போட்டுக்குவாங்களே. சரசு வர்றப்ப வாங்கிட்டு வந்தது மிச்சமிருந்துச்சு. மயக்கம் போடறதும் தல சுத்தறதுதானுங்களே, பஸ்ஸு மலை ஏறற மாதிரி. முன்னாலயே போட்டுக்கிட்டாத்தான் கேக்குமுங்க."

"இப்போ இருக்கோ வாயில?"

தெய்வானை என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நாக்கால் நெம்பி, கடைவாயில் ஒதுக்கி வைத்திருந்த துண்டை உள்ளங்கையில் துப்பினாள். பாதிக் கரைந்த, பழுப்பு நிற மொரப்பா. அந்தப் பொட்டலம் கட்டில் பக்கத்து ஸ்டூலின் மேல், திருநீற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நான் பிளாஸ்க்கைத் தேடிக் குனிந்தபோது என் தோள் அந்த ஸ்டூலில்தான் இடித்தது.

அந்தத் துண்டு வாயில் இருக்கும்போதே மயக்கம் கொடுத்திருந்தால்? தள்ளிக்கிடக்கும் குறுகலான மூச்சுக்குழாய்க்கு அந்த ஒரு துண்டு போதும்.

டாக்டர் அதிரவில்லை. "தித்திப்பு ஜாஸ்தியோ?" என்று கேட்டார். பிறகு எத்தனை தின்றாள், எத்தனை முழுங்கினாள் என்று கேட்டுக்கொண்டு, என்னிடம், "இவாளை இன்னிக்கு லிஸ்டுல கடைசியா மாத்து. அதுவரைக்கும் வாயில ஒண்ணும் வேண்டாம். ஒரு மணி நேரம் முந்தி நம்ம கேப்சூல், ஒரு வாய் ஜலம்" என்றார். தெய்வானையின் கையைத் தட்டிக்கொடுத்தார். "இஞ்சி நான் தரேன். எப்போ தரணுமோ அப்போ தரேன். நீங்களா எடுத்துக்கப்படாது. செரியா?"

"செரிங்க" என்றாள் தெய்வானை. பையை எடுக்கச் சொன்னதை மறந்துவிட்டாள்.

நான் சரசுவிடம் பிளாஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தேன். "ஆறிப் போச்சு, சூடு பண்ணித் தரச் சொல்லட்டுமா?" என்றேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். இன்னும் என்மேல் கோபம்தான். நியாயம்தானே.

தியேட்டருக்குள் தெய்வானையைத் தள்ளிக்கொண்டு போகும் முன் நானே அவள் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, கன்னத்துக்குள் விரல்விட்டு இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன். ஊதச் சொல்வதோடு நிறுத்தும் பழக்கம் அன்றோடு முடிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் வாயு மயக்கத்தைத் தவிர்த்து, நரம்பு வழியாகவே மயக்க மருந்து கொடுத்திருந்தார். வாந்திக்கு இரண்டு விதமான ஊசி. அதோடு அந்த இஞ்சி. தெய்வானை என் அறைக்கு வந்தாள்.

தைராய்டு முடிந்து வருகிறவர்களைப் பார்த்துக்கொள்வதற்கு ஒரு முறை இருக்கிறது. தலைப்பக்கத்தைத் தூக்கி வைக்க வேண்டும். தையல் பிரிக்கும் கத்தரியும் தட்டும் கட்டிலோடு இருக்க வேண்டும். ரத்தம் கட்டினால் ஓடிப்போய் எடுத்துவர நேரம் இருக்காது. முன்பக்கக் கட்டு வெள்ளையாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. கையை விரித்துக் கழுத்துக்குப் பின்னால் நுழைத்துப் பார்க்க வேண்டும். கசிகிற ரத்தம் பின்னால்தான் வழிந்து நிற்கும். அடிக்கடி பேரைச் சொல்லச் சொல்ல வேண்டும், குரல் மாறுகிறதா என்று பார்க்க. அன்றைக்கு என் சந்தேகத்துக்கெல்லாம் சரியான வேலை கிடைத்தது.

"பேரு என்ன?"

"தெய்வானைங்க." குரல் கரகரவென்று இருந்தது, ஆனால் இருந்தது.

பின்கழுத்தில் கைவிட்டேன், ஈரம் இல்லை. மறுபடி கொஞ்ச நேரம் கழித்துக் கைவிட்டேன், இல்லை. அப்போது அவள் கண்ணைத் திறந்து, "சிஸ்டரு... கொமட்டுதுங்க" என்றாள்.

ஒரு கையில் வாந்தி பிடிக்கும் கிட்னி ட்ரேயை எடுத்து அவள் தாடையடியில் வைத்தேன். மறு கையைக் கழுத்துக்குப் பின்னால் தாங்கினேன். டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். தெய்வானை என் முன்கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு முறை ஓங்கரித்தாள். கழுத்து நரம்பு எழும்பியது. என் விரலுக்கு அடியில் அது துடித்தது. ஒன்றும் வரவில்லை. டாக்டர் வந்து இன்னொரு ஊசி போட்டார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "மெதுவா மூச்சு விடுங்கோ, மூக்கால இழுத்து வாயால விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ட்ரேயைப் பிடித்தபடி நின்றேன். கை கடுத்தது, ஆனாலும் எடுக்கவில்லை.

மறுபடி ஓங்கரிக்கவில்லை. முகத்தில் வேர்வை அடங்கியது. கழுத்து வீங்கவில்லை. குரல் இருந்தது. நான் அப்போதுதான் உட்கார்ந்தேன். எனக்கு அழவேண்டும் போல இருந்தது, அழுதும்விட்டேன். டாக்டர் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் போனார்.

தெளிந்ததும் தெய்வானை சொன்ன முதல் பேச்சு: "பாத்தீங்களா, இஞ்சி கேட்டுப் போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஊசி மூன்று, மயக்க மருந்தை மாற்றிக் கொடுத்தது, டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, எல்லாம் போய் இஞ்சிக்குப் பெயரா? டாக்டரிடம் போய் நேராகவே கேட்டேன். "நெசமாச் சொல்லுங்க டாக்டர். இதுல எது கேட்டுச்சு?"

"தெரியாது" என்றார். "தெரிஞ்சிருந்தா ஒண்ணை மட்டும் குடுத்திருப்பேனே. அவா தைரியமா வந்து படுத்தா பாரு, அதுக்கு எது காரணம்னு மட்டும் தெரியும்."

நான் அந்த ஆஸ்பத்திரியில் கேட்ட பதில்களிலேயே சந்தேகப்படாமல் ஏற்றுக்கொண்டது அந்தத் 'தெரியாது' ஒன்றைத்தான். இன்றைக்கு போனில் வருகிற வீடியோக்களில், 'ஆபரேஷனுக்கு முன் இஞ்சிச்சாறு குடித்தால் ஊசியே வேண்டாம்' என்று அடித்துச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டம்ளர் நிறையக் குடித்துவிட்டு வந்து படுக்கிறவன் கதி என்ன என்று அவர்கள் வந்து ட்ரே பிடித்துப் பார்க்கட்டும்.

தெய்வானை வீட்டுக்குப் போகும் நாள், கட்டுப் பிரித்து நான் மருந்து வைத்துக்கொண்டிருந்தேன். அவளாகவே ஆரம்பித்தாள். "சிஸ்டரு, ஒண்ணு சொல்லட்டுங்களா? மொரப்பா சாப்பாடு இல்லேன்னு நான் நெனைக்கலீங்க. வாயில ஒண்ணும் போடக்கூடாதுன்னு நீங்க சொன்னது நல்லாத் தெரியுமுங்க."

"பொறவு எதுக்குச் சொல்லல?"

"சொன்னாப் புடுங்கிப் போடுவீங்கன்னு பயமுங்க. உங்க மூஞ்சியப் பாத்தா எல்லாத்தையும் புடுங்கிப் போடற மாதிரியே இருந்துச்சுங்க. டாக்டரம்மா மாட்டப் பத்திக் கேட்டாங்க, தன்னால வந்துருச்சு."

அத்தனை வருஷமும் நான் அறியாமையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். கள்ளு சாப்பாடு இல்லை என்று நினைக்கிறவர்கள், காப்பி தண்ணீர்தானே என்று நினைக்கிறவர்கள் என்று. பயத்தில் பொய் சொல்கிறவர்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர்களைக் கண்டுபிடிக்க என் மூக்கு போதாது என்று அன்றைக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு நானும் ஒரு முக்காலி வாங்கிப் போட்டுக்கொண்டேன். மாட்டைப் பற்றிக் கேட்கப் பழகினேன். மூஞ்சியை மட்டும் முழுசாக மாற்ற முடியவில்லை.

நேற்று தெய்வானை என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தாள். எனக்கு ஆபரேஷன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கழுத்தில் தழும்பு மடிப்போடு மடிப்பாக மறைந்துவிட்டது. மல்லாந்து படுத்துத் தூங்குகிறாளாம், குறட்டை விடுகிறாள் என்று பிள்ளைகள் சிரிக்கிறார்களாம். கிளம்பும்போது முந்தானையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தாள்.

"சரசு குடுத்தனுப்புனா. உங்கமேல இப்பக் கோவமில்லீங்களாமா. நீங்க நம்ப மாட்டீங்கன்னு தெரியுமுங்க, இருந்தாலும் வெச்சுக்கங்க."

இஞ்சி மொரப்பா.

அவள் போன பிறகு ரம்யாவுக்குப் போன் பண்ணினேன். "கேப்சூல் எழுதச் சொல்லு. ஊசியையும் விட்றாத. ரெண்டும் வேணும்" என்றேன்.

"அட, சிஸ்டரம்மாவா பேசறது?"

"இன்னும் கேளு. நான் வர்றப்ப என்ற பையில ஒரு மொரப்பாப் பொட்டலம் இருக்கும். வந்த ஒடனே வாங்கி உள்ள வெச்சுப் பூட்டிக்க. மயக்கம் தெளியற வரைக்கும் கேட்டாலும் குடுக்காத."

"யாருங்க கேக்கப் போறாங்க?"

"நான்தான்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "செரிங்க சிஸ்டரம்மா. வாயையும் தொறந்து ரெண்டு பக்கமும் பாத்துக்கறனுங்க" என்றாள். ஸ்பீக்கரில் போடவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு அப்போதுதான் கொஞ்சம் தைரியம் வந்தது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பொட்டலத்திலிருந்து ஒன்று என் கடைவாயில் கிடக்கிறது. ஆபரேஷனுக்குத்தான் இன்னும் நாள் இருக்கிறதே, இதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். தெய்வானையும் அன்று காலையில் தனக்குத்தானே இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள்.